மொட்டை மாடித் தொட்டியில் எந்த மீன்?

கொசு ஒழிப்புப் பணிக்காக வீடு வீடாக வரும் அம்மாள் ஒருவர், புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் காலை எங்கள் மொட்டை மாடிக்கு ஏறி வந்தார். மாடியின் கிழக்குச் சுவரையொட்டித் தொட்டிகள் வைத்திருக்கிறேன். அடிமூடிய சிமென்ட் உறைகள் இரண்டு, அல்லி வளரும் அகன்ற பிளாஸ்டிக் டப் ஒன்று. “சார், மழை வரப்போகுது, இதையெல்லாம் கவுத்துடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, மருந்து போட்டுட்டுப் போறேன்” என்றார். உள்ளே மீன் இருக்கிறது என்று சொல்லி அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். அல்லி இலைகளுக்கிடையே, நீர்மட்டத்தை முதுகு தொட, விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் அசையாமல் நின்றன. ஒவ்வொன்றின் உச்சந்தலையிலும் ஒரு வெள்ளிப் பொட்டு. சற்று நேரம் பார்த்துவிட்டு, “இது வாய்க்கா மீனாச்சே சார், இதெல்லாம் எங்க புழு திங்கும்? நான் கப்பி தரேன், விடுங்க” என்று தோள்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட கவர் ஒன்றை எடுத்தார். அக்கறையோடுதான் கொடுத்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஏன் வாங்கவில்லை என்பதைப் படிக்கட்டில் நின்றபடி இரண்டு வாக்கியங்களில் அவருக்கு விளக்க முடியவில்லை. அந்தக் காரணத்தை முழுமையாகச் சொல்லிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்னது அவருடைய கருத்து மட்டுமன்று. வெளியில் தொட்டி வைக்கப் போகிறேன் என்று சென்னைக் கொளத்தூரில் எந்த வளர்ப்பு மீன் கடையில் போய்க் கேட்டாலும் கப்பி, மோலி, பிளாட்டி என்றுதான் தொடங்குவார்கள். இடம் பெரிதாக இருந்தால் கோய் கெண்டை. அதில் நியாயமும் இருக்கிறது. இவற்றில் முதல் மூன்றும் குட்டி போடும் இனங்கள். முட்டையைத் தேட வேண்டாம், குஞ்சுக்குத் தனித் தீனி தேட வேண்டாம், ஒரு ஜோடி விட்டால் ஓரிரு மாதத்தில் தொட்டி நிறைந்துவிடும். சென்னை வெயிலையும் போர்த் தண்ணீரின் கடினத்தையும் தாங்கும். பழைய ஃபிரிட்ஜ் பெட்டியில்கூடத் தலைமுறை தலைமுறையாக வளரும். புதிதாக வளர்ப்பவருக்கு இதைவிட வசதியான மீன் கிடையாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எனக்குள்ள தயக்கம், இந்த வசதி முழுவதும் தொட்டிக்குள் நின்றபடி மட்டும் பார்க்கப்பட்டது என்பதுதான்.

திறந்த தண்ணீர்

வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி வைப்பவருக்கும் வெளியில் தொட்டி வைப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை அளவிலோ செலவிலோ தேட வேண்டியதில்லை. கண்ணாடித் தொட்டிக்குள் நாம் விட்டதுதான் இருக்கும். வெளித் தொட்டிக்குள் ஊரே வந்து இறங்குகிறது. தண்ணீர் நிரப்பி வைத்த ஒரு வாரத்துக்குள் பாசி வரும், அதைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வரும், கொசு முட்டையிடும், தட்டான் வந்து வாலால் நீரைத் தொட்டுவிட்டுப் போகும். அந்தத் தட்டானின் இளம்பருவப் பூச்சிதான் மீன் குஞ்சுகளுக்கு மிகக் கொடிய எதிரி: அல்லித் தண்டோடு தண்டாக ஒட்டிக் கிடந்து, மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நீட்டிக் குஞ்சைப் பற்றிவிடும். மீன்கொத்தி ஒன்று எதிர்வீட்டு ஆன்டெனா கம்பியில் உட்கார்ந்து வேளை பார்க்கும். மடையான் வரும். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் பூனை உட்காரும்.

கண்ணுக்குத் தெரிகிற இந்த வரவுகளைவிட வெயிலின் வரவு பெரிது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும்; 35 டிகிரியில் அது 7 மில்லிகிராமுக்கும் கீழே போய்விடும். மீனுக்கோ சூடு ஏற ஏற ஆக்சிஜன் தேவை கூடுகிறது. போதாக்குறைக்கு, பச்சைப் பசேலென்று இருக்கும் நீரில் பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிட்டாலும் இரவு முழுவதும் அதையே உட்கொள்கிறது. ஆகவே ஒரு நாளில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் நேரம் நடுப்பகலன்று, விடியலுக்குச் சற்று முந்தைய நேரம். முதல் நாள் மாலை நன்றாக நீந்திய மீன்கள் காலையில் ஏன் செத்து மிதக்கின்றன என்று கேட்பவர்கள் ஒருமுறை காலை ஐந்து மணிக்கு டார்ச்சோடு மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மீன்களெல்லாம் தலைதூக்கி மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். மீன்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், நடுப்பகல் வெயில் படாத கிழக்குப் பக்கத்தில் வைப்பதும், நீர்ப்பரப்பில் பாதியை இலையால் மூடுவதும்தான் இதற்கு மருந்து. ஏர் பம்ப் அதற்கப்புறம்தான்.

சிமென்ட் உறையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்புச் சத்து கசிந்து நீரின் காரத்தன்மையை மீன் தாங்க முடியாத அளவுக்கு ஏற்றிவிடும். வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவைத்து, அது அழுகியபின் கொட்டி, மறுபடி நிரப்பிக் கொட்டி, இப்படிச் சில வாரம் செய்த பிறகே மீன் விட வேண்டும். மாடியில் வைப்பவர்கள் எடையையும் நினைக்க வேண்டும். 200 லிட்டர் தண்ணீர் என்றால் தொட்டியின் எடை போக 200 கிலோ. தூண் அல்லது சுவருக்கு மேலாக வரும்படி வைப்பது நல்லது.

இவ்வளவும் உள்ளே வருகிறது என்றால், வெளியேயும் போகும் அல்லவா? வெளித் தொட்டி வைப்பவர்களில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஓர் இரவில் கொட்டும் மழை எந்தத் தொட்டியையும் விளிம்பு வழியச் செய்துவிடும். வழியும் நீரோடு மேல்மட்டத்தில் நீந்தும் குஞ்சுகளும் வழியும். மாடிக் குழாய் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து மழைநீர் வடிகாலுக்கும், அங்கிருந்து கால்வாய்க்கும் ஏரிக்கும் ஒரே மழையில் போய்ச் சேரலாம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது எத்தனை வீட்டுத் தொட்டிகளும் எத்தனை பண்ணைத் தொட்டிகளும் ஏரியோடும் ஆற்றோடும் ஒன்றாகிப் போயின என்பதை யாரும் கணக்கெடுத்திருக்க முடியாது. பெட்டை கப்பி ஒன்று ஆணின் விந்தைப் பல மாதம் உடலுக்குள்ளேயே சேமித்து வைத்து அடுத்தடுத்துக் குட்டி போடக்கூடியது. ஆகவே தப்பிப்போவது ஒரே ஒரு மீனாக இருந்தாலும் ஒரு கூட்டத்துக்கு அது போதும்.

வலையில் வந்தது

இதையெல்லாம் வெகுநாள் ஒரு தகவலாகத்தான் அறிந்திருந்தேன். எங்கள் பக்கத்து ஏரியின் கரையில் ஒரு மாலை வீச்சுவலை போடுபவர் ஒருவரோடு நின்றிருந்தபோதுதான் அது மனத்தில் இறங்கியது. வலை கனமாக வந்தது. நல்ல கெண்டை விழுந்திருக்கிறது என்று நினைத்து நான் முன்னால் போனேன். கரைக்கு இழுத்துக் கொட்டியபோது ஜிலேபிக் கெண்டைகள் சில. மற்றவை முழங்கை நீளத்துக்குக் கருத்த, சொரசொரத்த, வரிக்கோலம் போட்டாற்போல் புள்ளியிட்ட உடம்புகள். மீன் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று சுண்டுவிரல் அளவில் விற்கிறார்களே, அதேதான். உடம்பு முழுவதும் எலும்புத் தகடு. செதில் சீவவும் முடியாது, வெட்டவும் முடியாது. துடுப்பு முள் வலைக் கண்ணியில் மாட்டி, அவர் பிடித்து முறுக்கி எடுக்கும்போது நைலான் நூல் அறுந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று கண்ணி போனது.

“இது என்ன விலைக்குப் போகும் அண்ணே?” என்று கேட்டேன். “யார் தம்பி வாங்குவா? கரையில போட்டா நாய்கூட மோந்துட்டுப் போயிடும்” என்றார். பேசிக்கொண்டே அவர் வலையைப் பிரித்து முடிக்க அரைமணி நேரத்துக்கு மேலாயிற்று. முதலில் எடுத்துப் போட்டவை அப்போதும் உயிரோடு அசைந்துகொண்டிருந்தன. இந்த மீன் காற்றை விழுங்கி இரைப்பை வழியாகவே மூச்சு விடக்கூடியது. தென் அமெரிக்க ஆறுகளுக்கு உரியது. கரையைத் துளைத்து வளை தோண்டி அதில் முட்டையிடும். சிறு கண்ணாடித் தொட்டிக்குப் பாசி தின்ன என்று வாங்கி வந்து, அது ஒன்றரை அடிக்கு வளரத் தொடங்கியதும் கொல்ல மனமின்றி ‘பிழைத்துப் போகட்டும்’ என்று ஏரியில் விட்டவர்களின் இரக்கம்தான் அந்த வலையில் வந்து விழுந்தது. நம் மாநிலத்தின் பல நீர்நிலைகளில் இன்று இது இனம் பெருக்கி நிலைத்துவிட்டது.

வலைக்காரரின் அறுந்த கண்ணிகளைப் பார்த்தபடி நின்றபோது, கூடவே விழுந்த ஜிலேபிக் கெண்டையும் இந்த ஊர் மீனன்று என்பது நினைவுக்கு வந்தது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஒரு தலைமுறை கழிவதற்குள் ஏரி மீன் என்றாலே அது என்று ஆகிவிட்டது. அந்த வலையில் ஏரிக்கே உரிய மீன் என்று சொல்ல எதுவும் இல்லை. கொசுவை ஒழிக்கவென்று 1928இல் வந்த கம்பூசியாவின் கதையும் இதே வகைதான். பார்வைக்குக் கப்பியைப் போன்றே இருக்கும் அந்த மீன் பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தவளைக் குஞ்சையும் தின்று, பெரிய மீன்களின் துடுப்பைக் கடித்துக் கிழிக்கும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவி இனங்கள் என்று இயற்கைப் பாதுகாப்பு அறிஞர்கள் தொகுத்த பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. கப்பி அவ்வளவு முரடு அன்று. ஆனாலும் நகரத்துச் சாக்கடை வாய்க்கால்களை எட்டிப் பார்த்தால், கருத்த நீரின் விளிம்பில் கூட்டம் கூட்டமாகத் திரிவது பெரும்பாலும் அதுதான்.

அன்று கரையில் நின்றபோது எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: மாடித் தொட்டியும் ஏரியும் ஒரே நீர்வழியின் இரு முனைகள். ஆகவே வெளித் தொட்டிக்கு மீன் தேர்ந்தெடுக்கும்போது, ‘இது தொட்டியில் வாழுமா’ என்பதோடு ‘இது தொட்டியை விட்டுப் போனால் என்ன ஆகும்’ என்றும் கேட்டாக வேண்டும். இரண்டுக்கும் நல்ல விடை தரும் மீன்கள் நம் வயல் வாய்க்கால்களிலேயே இருக்கின்றன.

வெள்ளிப் பொட்டுக்காரர்கள்

எங்கள் அல்லித் தொட்டியில் இருப்பது பாஞ்சாக்ஸ் குடும்பத்தின் குட்டை இனம். முண்டக்கண்ணி என்ற பெயரும் இந்த மீன்களுக்கு உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்பவை. சென்னை வட்டாரத்து நன்னீர் மீன்களைப் பற்றிச் சுந்தரராஜ் 1916இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில்தான் இந்த இனம் அறிவியல் உலகுக்கு முதலில் விவரிக்கப்பட்டது. நூறாண்டுக்கு முன்பே இந்த ஊரோடு சேர்த்து எழுதப்பட்ட மீன்தான் இது. அதற்கு அண்ணன்போல் இருக்கும் வரிப் பாஞ்சாக்ஸ் சுமார் 10 சென்டிமீட்டர் வளரும். சிறு மீன்களைத் தின்றுவிடும் என்பதால் அதைத் தனித் தொட்டியில்தான் வைக்க வேண்டும்.

இந்த மீனின் உடலமைப்பைப் பார்த்தாலே அதன் வேலை விளங்கும். தலையின் மேற்பகுதி தட்டையாகவும், வாய் மேல்நோக்கியும், முதுகுத் துடுப்பு வால் அருகிலும் இருக்கும். நீர்ப்பரப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு, மேலிருந்து விழுவதையும் மேலே வந்து தொங்குவதையும் பிடிப்பதற்கென்றே ஆன உடம்பு. கொசுப்புழுவோ மூச்சு விட மேற்பரப்புக்கு வந்தே தீர வேண்டும். மாடியின் மூலையில் வைத்த பழைய பெயின்ட் வாளியில் சேர்ந்திருந்த புழுக்களை ஒரு மாலை கரண்டியால் மொண்டு தொட்டியில் விட்டேன். நிழல் பட்டதும் புழுக்கள் நெளிந்து கீழே இறங்கின. மீன்கள் துரத்தவில்லை, இருந்த இடத்திலேயே நின்றன. சிறிது நேரத்தில் புழு ஒன்று வால் முனையிலிருக்கும் குழலை நீட்டி மேற்பரப்பைத் தொட்டது. மிக அருகில் நின்ற மீன் உடலை ஆங்கில எழுத்து ‘எஸ்’ போல வளைத்து, ஒரு சொடுக்கில் பாய்ந்து பிடித்து, பழையபடி அசையாமல் நின்றது. இருட்டுவதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன. காலையில் ஒன்றைக்கூடக் காண முடியவில்லை.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருந்து, நீர் ஏறித் தொட்டவுடன் பொரியும். கோடையில் இறங்கிய நீர்மட்டத்தை நாம் மறுபடி நிரப்பும்போது ஒரு கூட்டம் புழு ஒருசேர வெளிவருவது இதனால்தான். தண்ணீர் நிரப்பிய மறுநாள் பாஞ்சாக்ஸ் மீன்கள் இலைகளை விட்டுச் சுவரோரம் வரிசையாகப் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மீனுள்ள தொட்டியைக் கவிழ்ப்பதால் கொசு குறையாது. கொசு வந்து முட்டையிட்டு அழியும் இடம் ஒன்று குறையும், அவ்வளவுதான். கவிழ்க்க வேண்டியது பெயின்ட் வாளியையும், தேங்காய்ச் சிரட்டையையும், செடித் தொட்டியின் அடித்தட்டையும். புழு மருந்தைத் தொட்டியில் போடவும் நான் சம்மதிப்பதில்லை. குஞ்சுகளுக்கு உணவாகும் மொய்னா போன்ற பொடி நீர்த்தெள்ளுகளுக்கும் அது எமன்.

குஞ்சு எடுப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பெட்டை நாளொன்றுக்குச் சில முட்டைகளாகச் செடிகளில் ஒட்டி வைக்கும். ஆகாயத்தாமரையின் வேர்க்கொத்தை உயர்த்தி வெயிலில் பிடித்தால், குண்டூசித் தலை அளவில் கண்ணாடி மணிகள் மின்னும். விரலால் தொட்டால் உடையாமல் கெட்டியாக இருக்கும். சில நாள் ஆன முட்டைக்குள் கண்கள் இரண்டு கரும்புள்ளிகளாகத் தெரியும். தாய் தந்தையே குஞ்சைத் தின்றுவிடும் என்பதால் வேரோடு எடுத்துப் பச்சைத் தண்ணீர் நிறைந்த தனிப் பேசினில் வைக்க வேண்டும். சுமார் இரண்டு வாரத்தில் பொரியும். முதல் வாரம் அந்தப் பச்சைத் தண்ணீரிலிருக்கும் நுண்ணுயிர்களே உணவு, பிறகு மொய்னா. மூத்த குஞ்சு இளைய குஞ்சை விழுங்கும். அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கப்பியைப் போல் தானாகப் பெருகுவதில்லை என்பதை இதன் குறையாகச் சொல்கிறார்கள். தொட்டி கொள்ளும் அளவுக்கு மட்டும் பெருகுவது எனக்கு நிறைவாகவே இருக்கிறது.

பாஞ்சாக்ஸ் மட்டும்தான் என்றில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்து அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு 1831இல் விவரிக்கப்பட்ட குபானஸ் என்ற சிறுமீன், காற்றை நேரடியாகச் சுவாசிப்பதால் கோடையின் விடியற்காலைகளைச் சிரமமின்றிக் கடக்கும். இலையடியில் நுரைக்கூடு கட்டிக் குஞ்சைக் காக்கும். நம் கடலோர உப்பங்கழிகளில் நெல்மீன் இனங்கள் இருக்கின்றன; ஜப்பானியர் மெடாகா என்று கிண்ணங்களிலும் தொட்டிகளிலும் வீட்டு முற்றத்தில் வைத்துக் கொண்டாடும் மீனின் நெருங்கிய உறவுகள் இவை. அவர்கள் தங்கள் வயல்மீனை எடுத்து அதிலிருந்து எத்தனையோ நிறங்களை வளர்த்தெடுத்தார்கள். நாம் நம்முடையதைச் சாக்கடை மீன் என்று ஒதுக்கிவிட்டுக் கவரில் வந்ததை வாங்குகிறோம். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

நண்பரின் எதிர்வாதம்

கப்பி வளர்க்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “சாக்கடைத் தண்ணியில உங்க பாஞ்சாக்ஸ் ஒரு நாள் நிக்குமா?” என்றார். நிற்காது. அழுக்கு நீரில் கப்பிக்கு ஈடில்லை. வெளியேறும் வழியில்லாத இடங்களில் அதை விடுவதை நான் எதிர்க்கவும் இல்லை. அவருடைய மற்றொரு கேள்வி கடினமானது: எல்லோரும் வாய்க்கால் மீனைப் பிடித்து வளர்க்கத் தொடங்கினால் வாய்க்காலில் என்ன மிஞ்சும்? இதனால்தான் பிடிப்பதைவிடக் குஞ்சு எடுத்துப் பரிமாறுவது முக்கியம் என்கிறேன். ஒரு வாய்க்காலிலிருந்து கைவலையில் நாலைந்து ஜோடி போதும். அவற்றின் குஞ்சுகளைக்கூட வேறு ஆற்றுப் படுகையில் கொண்டுபோய் விடக் கூடாது. தாமிரபரணி மீன் பாலாற்றுக்கு அயல்மீன்தான்.

எந்த மீன் வளர்த்தாலும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. மழைக்கு முன்பே தொட்டியின் விளிம்பிலிருந்து நாலு விரல் கீழே ஒரு துளை போட்டு, குழாய் வைத்து, அதன் உள்வாயில் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டிவிட வேண்டும். துணியில் பாசி அடைத்துக்கொள்ளும் என்பதால் அடைமழைக் காலத்தில் தினமும் ஒருமுறை தேய்த்துவிட வேண்டும். மேலே முழுவதும் வலை மூடி போட்டால் மீன்கொத்திக்கும் பூனைக்கும் சேர்த்துக் காவல்.

மீதமிருக்கும் சிக்கல், இந்த மீன்கள் கடையில் கிடைப்பதில்லை என்பது. கொளத்தூரில் எனக்குப் பழக்கமான கடைக்காரர் ஒருவரிடம் பலமுறை சொல்லிப் பார்த்தேன். கேட்பார் இல்லாத மீனுக்குத் தொட்டி ஒதுக்க முடியாது என்று தட்டிக் கழித்தார். அல்லிச் செடி விற்கும் இடத்தில், செடியோடு சேர்த்து ஒரு ஜோடி என்று கொடுத்துப் பாருங்கள் என்று சொன்னதற்கு இப்போது இசைந்திருக்கிறார். இந்த ஆண்டுக் குஞ்சுகளில் தேறியவற்றை ஒரு தெர்மாகோல் பெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். தொட்டிக்குக் கட்டாயம் மூடி போடும்படி சொல்லியிருக்கிறேன். புது இடத்தில் முதல் இரண்டு இரவு இந்த மீன் துள்ளிக் குதிக்கும்.